டெஸ்ட் ரோலில் முகம் கூடாது

"உன் சாண் சின்னதுடி. என் சாண்ல வை," என்றான் அண்ணன், கட்டிலில் சாய்ந்தபடியே.

மேசைமேல் மாத்திரை டப்பாக்களைச் சாய்வான வரிசையில் வைத்துக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்தாள். "உன் கையக் கழட்டிக் குடு, அளந்து வைக்கிறேன்."

அவன் கையை நீட்டினான். விரல்கள் விரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மெத்தையில் அழுத்தி விரித்து, ஒரு நூலில் அளந்து வெட்டிக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

ஐந்து டப்பாக்கள், சாணுக்கு ஒன்று. குறி நடுவில் இருக்கும் மூன்றாவது டப்பாவுக்கு. படத்தில் எந்த டப்பாவின் எழுத்து தெளிவாக விழுகிறது என்று பார்த்தால் கேமராவின் தூரக் கணக்கு சரியா தப்பா என்று தெரிந்துவிடும். அண்ணன் முப்பது வருஷம் கடை கடையாகப் போய்த் தராசு சரிபார்த்தவன். எந்த முள்ளையும் தன் எடைக்கல்லை வைத்துப் பார்க்காமல் நம்பியதில்லை. தன் கல்யாணத்தன்று மண்டபத்துக் கடிகாரம் இரண்டு நிமிஷம் முந்துகிறது என்று சொல்லி எல்லோரையும் காக்க வைத்த மகான்.

கேமரா நேற்றுத்தான் பார்சலில் வந்தது. இருவரையும்விட வயசில் மூத்தது. மூடியிருந்தால் கோட்டுப் பையில் போகும். பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து, கறுப்புத் தோல் மடிப்போடு லென்ஸ் வெளியே வரும். ஒரு பிலிம் ரோலுக்குப் பன்னிரண்டு படம். படுக்கையில் விழுந்த பிறகு மாசக்கணக்காகத் தேடி வாங்கியிருந்தான். டாக்டரோ போன வாரமே இனி நாள் கணக்குதான் என்று சொல்லிவிட்டார்.

தங்கைக்கு டப்பாவும் வேண்டாம், சாணும் வேண்டாம். அவளுக்கு அண்ணன் முகம் வேண்டும். ஒரே ஒரு படம். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் லைசென்ஸில் ஒட்டிய படத்துக்கு அப்புறம் அவனுக்கு ஒழுங்கான படமே கிடையாது. குடும்பப் போட்டோவில் யார் தோளுக்குப் பின்னாலோ ஒரு காது தெரியும், அதுதான் அவன். இப்போது போனைத் தூக்கினாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறான்.

"அண்ணா, இதுல ஒண்ணு உன்ன எடுத்துக்கறேனே."

"டெஸ்ட் ரோல்ல முகம் எடுக்கக் கூடாது. புதுத் தராசுல மொதல்ல கல்லத்தான் வைக்கணும், சரக்க வைக்கக் கூடாது. அடுத்த ரோல்ல எடு."

"அடுத்த ரோல் எப்போ?"

"இது முடிஞ்சப்புறம். வேற எப்போ?" என்றான். "அதுவும் தந்தி கையில படத்தக் குடுத்தா சாயங்காலமே ஊர் பூரா போயிடும்."

தந்தி என்பது அவன் அவளுக்கு வைத்த பெயர். பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்வது அவள் வேலை. வீட்டு விஷயங்களையும் அவள் ஏறக்குறைய அப்படித்தான் சொல்வாள். கோபம் வந்தது. அவன் நோஞ்சான் முகத்தை யாருக்குக் காட்டப் போகிறாள்? ஆனால் இன்றைக்குச் சண்டை போட மனசு வரவில்லை.

மண்டியிட்டுக் கேமராவின் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்தாள். மூன்றாவது டப்பா இரண்டாகத் தெரிந்தது. சக்கரத்தைத் திருப்ப, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன.

"எவ்வளவு காட்டுது?"

"நாலு அடி."

"அத லென்ஸ் வளையத்துலயும் வை. அது தானா மாறாது. அப்புறம் லென்ஸ் பக்கத்துல குட்டி நெம்பு இருக்கும் பாரு, அத மேல ஏத்து. ஏத்தினாத்தான் ஷட்டர் விழும்."

கிளிக் என்றது. இவ்வளவு பழசிலிருந்து இவ்வளவு மெல்லிய சத்தமா என்று அவளுக்கு ஆச்சரியம். பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் வரும்வரை பிலிமைச் சுற்றினாள். நாலு அடி, ஆறு அடி, எட்டு அடி. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுத வைத்தான். பதினோராவது படத்துக்கு வளையத்தை மாற்ற மறந்து திட்டு வாங்கினாள். அது முடிந்து நிமிர்ந்தபோது அவன் கண் மூடியிருந்தது.

சிவப்புக் கண்ணாடியில் பன்னிரண்டு.

அவள் சத்தமில்லாமல் கட்டில் பக்கம் திரும்பினாள். ஜன்னலில் இரண்டு அண்ணன்கள் தெரிந்தார்கள். இமைகள் ஒன்றாகும்வரை சக்கரத்தைத் திருப்பினாள். நாலு அடி. வளையத்திலும் நாலு. மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை.

"ஷட்டர ஏத்துனியா?" என்றான் அண்ணன், கண்ணைத் திறக்காமல்.

அவளுக்கு உயிரே போய்விட்டது. "ஏத்தல."

"கழுத. டெஸ்ட் ரோல்ல முகம் கூடாதுன்னு சொன்னேன்ல?"

சொன்னான்தான். ஆனால் இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அவள் நெம்பை ஏற்றினாள். அவன் கண்ணைத் திறந்து பார்த்து, "பதினோரு தடவ சொல்லிக் குடுத்தேன்டி," என்று சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறுவதற்குள் அவள் அழுத்திவிட்டாள்.

பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணி இருமல் கேட்டு எழுந்து வந்தாள். மேசையைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். "காலைக்கு, மத்தியானத்துக்குன்னு பிரிச்சு வச்சிருந்தேன். யாரு இப்படிப் பரேடு நிக்க வச்சது?"

"தந்திதான்," என்றான் அண்ணன் உடனே.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குத் தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்து கேமராவை மூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்கதவு பாதியில் நின்றது. "அண்ணா, இது ஏன் மூட மாட்டேங்குது?" என்றாள். மறுபடி அழுத்திப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டே இருக்கேன், வாயத் திறந்து சொன்னாத்தான் என்ன?" என்று திரும்பினாள். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து அவன் மார்பில் கை வைத்திருந்தாள். அந்தக் கையை எடுக்காமல், "வளையத்தக் கடைசி வரைக்கும் திருப்பிட்டு மூடணுமாம். நேத்து சொன்னார்," என்றாள்.

மறுநாள் துக்கத்துக்கு வந்தவர்கள் சமீபத்துப் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். லைசென்ஸ் படத்தையே பெரிதாக்கி வைத்தார்கள். ஒரு ரோல் இருப்பதைத் தந்தி யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஸ்டூடியோக்காரர் பன்னிரண்டு படங்களையும் மேசைமேல் பரப்பினார். நாலு அடியில் எடுத்தவற்றில் மூன்றாவது டப்பா மங்கல். நாலாவது டப்பாவின் எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு படிக்கலாம். கேமரா ஒரு சாண் பின்னால் அடிக்கிறது. பன்னிரண்டாவதில் தலையணை உறையின் தையலை ஒவ்வொன்றாக எண்ணலாம். முன்னால் அண்ணன் புகை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான்.

"கேமராவ சர்வீஸ் பண்ணிட்டு மறுபடி எடுங்கக்கா. சரியா வந்துரும்," என்றார் அவர்.

"சரி," என்றாள். பேருந்தில் வழி முழுக்க அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தாள். பாவி, இதிலுமா நீ சொன்னதே சரியாக இருக்க வேண்டும்?

வீட்டில் அவள் கையிலிருந்த ஸ்டூடியோ கவரைப் பார்த்து அண்ணி கையை நீட்டினாள்.

"கெடுத்துட்டேன் அண்ணி. முகமே தெரியல."

அண்ணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இல்லயே," என்றாள். "காலைல முழிச்சதும், கண்ணாடியத் தேடறதுக்கு முன்னாடி, தினமும் எனக்கு இப்படித்தான் தெரிவார்."

அண்ணி படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கட்டில் பக்கம் தான் கண்ணாடி கழற்றி வைக்கும் இடத்தில் சாய்த்து வைத்தாள்.