திருநீறு போட்டுத் துலக்கிய கண்ணாடி

ஸ்வர்ணலதா சொன்னது அப்படியொன்றும் பெரிய பொய் இல்லை. "நல்லாத் தெளிவாத்தானே தெரியுது" என்றாள், அவ்வளவுதான். ஐப்பசி பிறந்த மறுநாள் சாயங்காலம், ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டை மாடியில், புருஷன் கேட்ட கேள்விக்கு வாய்க்கு வந்த பதில். அது இந்தப் பாடு படுத்தும் என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியாது.

புருஷன் கனகராஜ் தி.நகரில் ஒரு நகைக்கடையில் வைரம் பார்க்கிறவர். இருபத்தாறு வருஷமாக ஒரே நாற்காலி. கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, கடுகளவு கல்லில் கண்ணுக்கே தெரியாத கீறலைப் பார்த்து, "இது வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தைக்கு மேல் கடை முதலாளி விஜயராகவன் அண்ணாச்சியே பேச மாட்டார். பேச்சு குறைவான மனுஷன். சினிமா கிடையாது, சீட்டு கிடையாது. ஐம்பத்தைந்து வயது முடிந்த அன்றைக்கு என்ன தோன்றியதோ, ஆளுயரப் பெட்டியில் ஒரு டெலஸ்கோப்பை வரவழைத்துவிட்டார்.

"எதுக்குங்க இது?" என்று கேட்டாள் ஸ்வர்ணலதா.

"சனி கிரகத்துக்கு வளையம் இருக்குல்ல, அதைப் பாக்கணும்."

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கோயில்ல சனீஸ்வரனுக்கு நேரா நிக்கக் கூடாதுன்னு ஊரே ஒதுங்கி நிக்குது. நீங்க என்னடான்னா மாடி ஏறிப்போய் மூஞ்சிக்கு நேரா பாக்கப் போறீங்களாக்கும்!"

அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூடவே வந்த புத்தகத்தை வரி விடாமல் படித்தார். முக்காலியை ஆட்டமில்லாமல் நிறுத்த மாடித் தளத்தில் மூன்று இடத்தில் சாக்பீஸால் குறி போட்டார். வெயில் இருக்கும்போதே சாந்தோம் சர்ச் கோபுர உச்சியைப் பெரிய குழாயில் பிடித்து, அதன் முதுகில் இருக்கும் குறிபார்க்கிற சின்னக் குழாயிலும் அதே உச்சி நடுவில் வரும்வரை திருகிக்கொண்டிருந்தார். கடல் காற்று உப்புப் படியுமே என்று இரண்டு பக்கமும் மூடி, மேலே ஒரு உறை, உள்ளே ஈரம் உறிஞ்சுகிற பொட்டலம் வேறு. பெற்ற பிள்ளைக்குக்கூட மனுஷன் இத்தனை பார்த்ததில்லை.

வளையத்தை முதல்முதலாகப் பார்த்த அன்று மாடியிலிருந்து அவளைக் கூவி அழைத்தார். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. அவளும் பார்த்தாள். ஊசிமுனை அளவில், கூர்மையாக, குறுக்கே ஒரு மெல்லிய கோட்டோடு நின்றது. அட, நிஜமாகவே இருக்கிறதே என்று அவளுக்கே மலைப்பாகிவிட்டது. "உள்ள மட்டும் எதையும் தொட்டுராத" என்றார் அவர். ஏன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. கடையில் பூஜை என்று அவர் காலையிலேயே கிளம்பிவிட்டார். வீட்டில் இருக்கிற அத்தனையையும் ஸ்வர்ணலதாதான் துலக்க வேண்டும். தையல் மிஷின், மிக்ஸி, அரிவாள்மணை, ஸ்கூட்டர் என்று ஒவ்வொன்றாகத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவள் டெலஸ்கோப்பிடம் நின்றாள். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு வட்டக் கண்ணாடி, அதன்மேல் லேசாகத் தூசி. மாசக்கணக்கில் தூசியோடு விட்டுவிட்டு, வெளியே மட்டும் உறை போட்டு மூடுகிறாராம்! ஆம்பிளைங்க சுத்தமே இப்படித்தான் என்று முனகியபடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

நகைக்கடைக்காரர் வீட்டில் துலக்குவதற்கு ஒரு முறை உண்டு. கல் வைத்த நகையென்றால் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர். வெள்ளியென்றால் திருநீறு, பழைய வேட்டித் துணி. அந்தக் கண்ணாடி வெள்ளி மாதிரியும் இருந்தது, கல் மாதிரியும் இருந்தது. அவள் இரண்டையும் செய்தாள். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் குளிப்பாட்டி, திருநீறு போட்டு அழுத்தித் தேய்த்து, நடுவில் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். திரும்ப மாட்டும்போது, பொட்டு மறைக்குமோ என்று அதையும் திருநீறு போட்டே எடுத்தாள். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. மாட்டி முடித்து, வெளியே குழாய்க்கும் ஒரு பொட்டு வைத்தாள். பொரி பொட்டலத்தோடு வீடு திரும்பிய கனகராஜ் குழாய் மேல் இருந்த பொட்டைப் பார்த்து, "இதுக்கும் வச்சிட்டியா!" என்று சிரித்தார். உள்ளே துலக்கியதை அவள் சொல்லவில்லை. ஒருநாள் தெளிவாகப் பார்த்துவிட்டு அவரே கேட்கட்டும் என்று பெருமையாக இருந்துவிட்டாள்.

அடுத்து வந்த நாலைந்து நாளும் மேகம். ஐப்பசி இரண்டாம் தேதிதான் வானம் வெளுத்தது. அவர் குனிந்து பார்த்தார். இடது கண்ணால் பார்த்தார், வலது கண்ணால் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். முன்பக்கமாகப் போய்க் குழாய்க்குள் டார்ச் அடித்தார்.

"கண்ணாடி பளபளன்னுதான இருக்கு... லதா, இங்க வா. உனக்கு வளையம் தெரியுதா?"

அவள் பார்த்தாள். வளையமா அது? மாவில் பிடித்த மொச்சைக்கொட்டை போல ஏதோ கொழகொழவென்று நின்றது. பிரித்ததும் தேய்த்ததும் ஒரே நொடியில் கண்முன் வந்தன. இப்போது உண்மையைச் சொன்னால், தொடாதே என்றேனே என்பார். விலை வேறு கொஞ்சமா?

"நல்லாத் தெளிவாத்தானே தெரியுது" என்றாள்.

"அப்படியா?" என்றார் கனகராஜ். அவ்வளவுதான் சொன்னார். மூடியைப் போட்டு, உறையை மாட்டி, குழாயைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். மறுநாள் அவர் பேசவே இல்லை. அதற்கு மறுநாள் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கி வந்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தெளிவாக இருக்கிறது என்று அவள் சொன்னதும், கோளாறு தன் கண்ணில் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அவருடைய அப்பாவுக்கு ஐம்பத்தேழு வயதில் இரண்டு கண்ணும் போயிற்று. கடைசிப் பதினோரு வருஷம் அந்த மனிதர் சுவரைத் தடவித்தான் நடந்தார்.

இதைத் தெரிந்துகொண்டே ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்றால், அவளை என்ன சொல்வது! ஸ்வர்ணலதாவும் தன்னை அதைத்தான் கேட்டுக்கொண்டாள். சோறு போடும்போது சொல்ல வாயெடுப்பாள், அவர் முகத்தைப் பார்த்ததும் தொண்டையில் நின்றுவிடும். முதல் நாள் சொல்லியிருந்தால் கண்ணாடியைக் கெடுத்தவள். இப்போது சொன்னால் அவரைப் பதற வைத்து வேடிக்கை பார்த்தவள். நாள் போகப் போகக் குற்றம் வட்டி போட்டு வளர்ந்தது.

கண் டாக்டர் நீரஜாவிடம் அவளும் கூடப் போனாள். "வயசுக்கு ஏத்த கண்ணுதான் சார், ஒரு குறையும் இல்ல" என்றார் டாக்டர். அப்பாடா என்று அவளுக்கு உயிர் வந்தது. வெளியே வந்ததும் கனகராஜ், "அப்பாவுக்கும் முதல்ல இப்படித்தான் சொன்னாங்க" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆட்டோ வந்தது, ஏறிவிட்டாள். அக்கம்பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டு வளையம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லலாம் என்றாலும் அவர் செய்ய மாட்டார். வைரம் பார்க்கிறவனுக்குக் கண் சரியில்லை என்று வெளியே கசிந்தால் அப்புறம் என்ன மரியாதை?

ஒரு மாதம் போனது. ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கே கனகராஜ் வீட்டுக்கு வந்தார். கையில் சாப்பாட்டுப் பை, பிரிக்கவே இல்லை. லென்ஸை மேஜை மேல் வைத்தார்.

"அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டேன். இனிமே வரலைன்னு."

"ஐயையோ, ஏங்க?"

"ஒவ்வொரு கல்லையும் நாலு தடவை பாக்குறேன் லதா. என் கண்ணை எனக்கே நம்பிக்கை இல்ல. என் வார்த்தையை நம்பி ஒருத்தன் மகளுக்கு வாங்கிட்டுப் போறான். அவனை ஏமாத்தக் கூடாதில்ல?"

ஸ்வர்ணலதா அந்த லென்ஸை எடுத்து அவர் கையிலேயே திணித்தாள். "உங்க கண்ணுல ஒண்ணுமில்லைங்க. நான் பாவி. நான்தான் அந்தக் கண்ணாடியக் கழட்டித் திருநீறு போட்டுத் தேச்சேன். அன்னைக்கு எனக்கும் கொழகொழன்னுதான் தெரிஞ்சுது. பொய் சொல்லிட்டேன்." ஒரு மாதமாகத் தொண்டையில் நின்றது மூச்சு விடாமல் கொட்டியது.

அவர் எழுந்து போய்க் குழாயை ஜன்னலோரம் கொண்டுவந்தார். ஸ்க்ரூவைக் கழற்றிக் கண்ணாடியை வெளியே எடுத்தார். லென்ஸைக் கண்ணில் இடுக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நடுவுல ஆரம்பிச்சு வட்டமா தேச்சிருக்க. கடைசியா குறுக்க ஒரு இழுப்பு இழுத்திருக்க, சந்தனத்த எடுக்கத்தான? துணியில ஒரு மணல் இருந்திருக்கு." லென்ஸை எடுத்தார். "சாதாக் கண்ணாடிக்குப் பின்னால இருக்கிற பூச்சு, இதுக்கு மேல்பக்கத்துல இருக்கும். துணி பட்டாலே போயிரும்."

மயிரிழையிலும் மெல்லிய கோடுகள். அவள் கண்ணுக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

அவள் உடனே போனை எடுத்து அண்ணாச்சியை அழைத்தாள். மானம் போனால் போகட்டும் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணாச்சி, "ஏம்மா, இருபத்தாறு வருஷ மனுஷன இந்தப் பாடா படுத்துறது? நாளைக்கே கடைக்கு வரச் சொல்லு" என்று கத்திவிட்டு வைத்தார். அவளுக்கு நெஞ்சுப் பாரம் பாதி இறங்கிவிட்டது. இனி அவரும் நாலு வார்த்தை திட்டிவிட்டால் தீர்ந்தது என்று எதிரே போய் நின்றாள்.

"கண்ணாடி போனா போகுது. பூச்சு மறுபடி போட்டுக்கலாம்" என்றார் கனகராஜ். "நான் கேட்டப்ப ஏன் தெளிவா இருக்குன்ன?"

"திட்டுவீங்களோன்னு பயந்துட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"தினமும் நீ பால் வாங்கக் கீழ போவேல்ல, அப்ப நான் கண்ண மூடிட்டு நடந்து பாத்துட்டு இருந்தேன். கட்டில்லேருந்து பாத்ரூம் ஒம்பது அடி. அங்கேருந்து சமையல்கட்டு பதினாலு. இப்ப எங்கயும் இடிச்சுக்கிறதில்ல. அப்பாவுக்கு அம்மா பட்ட பாடு நீ பட வேணாமேன்னுதான்."

திட்டியிருக்கலாம், கையில் இருந்ததைத் தூக்கி அடித்திருக்கலாம். அவர் இரண்டும் செய்யாமல், பிரிக்காத சாப்பாட்டுப் பையை இழுத்துப் பிரித்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தார்.