சம்பால் வாசம் அடித்த பேட்ஜ்

ராசா வட்டாரத்தில் டோரினைப் போல ஒரு பக்தை கிடைக்கமாட்டாள். தோட்டத்து வீட்டில் பிறந்தவளுக்கு கழுத்தில் போடும், மாதா படம் தைத்த உத்தரியமும் தீர்த்தமும்தான் முதலுதவி. கணவன் பிரெண்டனுக்கு நீலாய்ப் பக்கம் வேலை: இரும்புக் குழாய் ஒட்டுகளைக் கதிர்வீச்சால் படம் பிடித்துச் சோதிப்பது. நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பேட்ஜ் கொடுத்திருந்தார்கள். அது கதிரைத் தடுக்கும் என்று டோரினே முடிவுகட்டி, கோயிலில் பாதரிடம் கொடுத்து மந்திரித்தும் வாங்கிவிட்டாள். பாதர் சிரிக்காமல் தீர்த்தம் தெளித்தார் என்பதுதான் விசேஷம்.

ஒரு நாள் சட்டையைத் துவைக்க எடுத்தால், பேட்ஜில் மிளகாய்ச் சம்பால் வாசம்.

பிரெண்டன் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னான். வேலை தொடங்குமுன் சூப்பர்வைசர் கஜன் எல்லார் பேட்ஜையும் கழற்றி, இவனுடைய சோற்று டப்பாவில் போட்டு வேனில் வைத்துவிடுவானாம்.

டோரின் பதறிப்போய் நாத்தனார் நட்டாலியைக் கூப்பிட்டாள். கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள்.

"அண்ணி, அது ஒண்ணும் தடுக்காது லா. உடம்புல எவ்வளவு பட்டுச்சின்னு காட்டும், அவ்வளவுதான். கூடிப் போச்சின்னா ஆள வேலையிலேருந்து நிறுத்தணும். அதான் கழட்டி வைக்கிறானுங்க."

டோரினுக்கு ஆறு மாதமாக வயிற்றில் பிள்ளை இருக்கிறது. அன்றைக்கே பேட்ஜை, உத்தரியம் தைப்பதுபோல, அவன் பனியனுக்கு உள்பக்கம் வைத்து இறுக்கித் தைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் பனியனில் அறுந்த நூல்தான் தொங்கியது. பேட்ஜ் டப்பாவுக்குள் கிடந்தது.

"அந்த கஜன் அறுத்தானா?"

"நாந்தான். வேலைய நிறுத்திட்டா ஓவர்டைம் போயிடும். பிள்ளை வரப் போவுதுல்ல?"

"பிள்ளைக்கு அப்பன் வேணாமாங்க?"

டோரின் அந்தப் பனியனை அறுந்த நூலோடு வாசல் கொடியில் காயப்போட்டாள். பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி சும்மா இருப்பாளா? உப்பு கேட்கிற சாக்கில் வந்து முழுக் கதையையும் வாங்கிக்கொண்டு போனாள். அவள் புருஷன் மாயாண்டிக்கும் அதே வேலைதான். வீட்டுக்குப் போய் அவன் பேட்ஜை மோந்து பார்த்தாளாம். அதிலும் டோரின் வைத்த சம்பால்.

காலையில் வேன் வந்தது. டோரின் அந்தச் சோற்று டப்பாவை முன்சீட்டில் இருந்த கஜனின் மடியில் வைத்தாள்.

"இனிமே இதுல நீங்களே சாப்பிடுங்க."

அவன் மூக்கைச் சுளித்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் பேட்ஜ் மட்டும் சம்பால் படாமல் நெஞ்சிலே பளபளவென்று இருந்தது. அவளுக்குப் பின்னால் பிரெண்டன் குனிந்து, வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான்.