எடுத்துக்காட்டு இல்லாத சொல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பேட்டரி தேடப் போய்க் கிடைத்தது. சுவர்க்கடிகாரம் காலையில் நின்றுவிட்டதால் என் கணவரின் மேசை இழுப்பறையைக் குடைந்தேன். பேட்டரி இல்லை. ரப்பர் பேண்டு போட்ட ஒரு சீட்டுக்கட்டு இருந்தது. (ஆடுகிற சீட்டு இல்லை. அவருக்கு அந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது, வேறு நல்ல பொழுதுபோக்கும் கிடையாது.)

அவர் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில–தமிழ் அகராதி தொகுப்பவர். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. மேலே சொல், நடுவில் பொருள், அடியில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். அந்தக் கட்டுக்குள் நாற்பத்தொரு சீட்டுகள் இருந்தன. நாற்பத்தொன்றிலும் ஒரே சொல்: நேப் (nap).

பகலில் கொஞ்ச நேரம் கண்ணயர்வது என்று பொருள். நாம் கோழித்தூக்கம் என்போம், குட்டித் தூக்கம் என்போம். ஆங்கிலத்தில் அதை ‘எடுத்துக்கொள்வார்களாம்’, மாத்திரை மாதிரி. நமக்குத் தூக்கம் தானாக வர வேண்டும். வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்க வேண்டும். அசந்த நேரத்தில் மாட்டிக்கொள்வதற்கும் இதே சொல்லை வைத்து ஒரு வழக்கு உண்டு. வெல்வெட் துணியைத் தடவினால் மெத்தென்று இருக்குமே, அதற்கும் இதே எழுத்துகள்தான்.* அந்த இரண்டுக்கும் அவர் ஒரே மூச்சில் எடுத்துக்காட்டு எழுதிவிட்டார். தூக்கத்துக்கு மட்டும் எழுதவில்லை. மூன்று பதிப்புகளிலும் அந்த இடம் காலி. ஏன் என்று கேட்டு ஒரு வாத்தியார்கூடக் கடிதம் போட்டதில்லை.

* இதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்தது. எனக்கு இங்கிலீஷ் அரைகுறை.

2

நேரே எழுதத் தைரியம் போதவில்லை. அதனால் கதைக்குள் என்னை ‘அவள்’ என்றும் அவரை ‘அகராதிக்காரர்’ என்றும் எழுதப் போகிறேன். அது நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: பதினோரு வருடங்களுக்கு முன்பு ஒரு மதியம் இரண்டு இருபதுக்குத் தொலைபேசி அடித்தபோது அவள் ஆழ்ந்த உறக்கத்தில்

(வேண்டாம். பிறகு சொல்கிறேன்.)

இரண்டாவது தொடக்கம்: அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். வாய்த்துடுக்கில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. “உன் வீட்டுக்காரர் அகராதி எழுதுறவர், நீ அகராதி புடிச்சவ. பொருத்தம்னா இதுதான்டி பொருத்தம்!” என்பாள் அக்கா. அம்மா போன பிறகு ஒருநாள் அதே வாயால், “கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டது நானு. நீ வந்து எட்டிப் பாத்துட்டுப் போனே” என்றும் சொன்னாள். அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அப்படிச் சுட்டது. அவள் அக்காவோடு பேச்சை நிறுத்தினாள். இருபத்தாறு நாள்.

இருபத்தாறாம் நாள் அக்காவே போன் செய்தாள். அகராதிக்காரர்தான் எடுத்தார். அவருடைய மேசை கட்டிலிலிருந்து நான்கடி. அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“தூங்குறாக்கா… என்னது, ஆஸ்பத்திரியிலயா? எழுப்பட்டுமா? சரி… சரிக்கா, சொல்றேன்.”

அக்கா சொன்னதை அவர் நாலு மணிக்குத்தான் சொன்னார். “சின்ன விஷயந்தான் தம்பி. தூங்கட்டும், எழுப்பாதீங்க. அந்த அகராதி புடிச்சவளை எந்திரிச்சதும் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க, போதும்.”

ஆனால் மூன்று மணிக்கே அக்காவை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். கொடுத்த மயக்கத்திலிருந்து அக்கா எழவே இல்லை.

3

துக்க வீட்டில் சித்தப்பா அகராதிக்காரரைப் பிடித்துக்கொண்டார். “ஏன்யா, ஒரு வார்த்தை எழுப்பியிருக்கக் கூடாதா? அக்கா தங்கச்சி கடைசியா பேசியிருப்பாங்கல்ல? அப்படியென்ன பொண்டாட்டி தூக்கம் உனக்குப் பெருசாப் போச்சு?”

அகராதிக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளும் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் பகலில் படுப்பதில்லை. மதியம் ஆனால் முதுகு நிமிர்த்தி நாற்காலியில் உட்கார்ந்து, படித்த செய்தித்தாளையே திரும்பப் படிப்பாள். “கொஞ்சம் சாயேன், கண்ணு ரெண்டும் சொருகுது பாரு” என்பார் அவர். “எனக்குத் தூக்கம் வரல, நீங்க வேலையப் பாருங்க” என்பாள் இவள். சொல்லும்போதெல்லாம் அவர் முகம் சூடு பட்டதுபோல் சுருங்கும். அவள் அதைப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டுவாள்.

(இந்த ‘அவள்’ ரொம்பக் கல்நெஞ்சக்காரியாகத் தெரிகிறாளே. திருத்திப் பார்த்தேன். ‘துக்கத்தில் இருந்தாள்’ என்று போட்டேன். பிறகு அடித்துவிட்டேன். துக்கம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.)

4

சீட்டுகளில் சில (ஆங்கிலத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்த தமிழ்):

‘மனைவி பகலில் உறங்கினாள், கணவன் அவளை எழுப்பியிருக்க வேண்டும்.’ அடிக்கப்பட்டிருக்கிறது.

‘உறக்கத்தைக் கலைப்பது சில நேரம் நல்லது.’ அடிக்கப்பட்டிருக்கிறது.

‘எழுப்பாதது என் தவறு.’ இதற்குப் பக்கத்தில் அவரே சிவப்பு மையில், ‘இதில் அந்தச் சொல்லே வரவில்லை!’ என்று எழுதி அடித்திருக்கிறார். இதைப் படித்துச் சிரித்தேன். பிறகு அடுத்த சீட்டை எடுத்தேன்.

நாற்பது சீட்டுகளும் இப்படித்தான். எல்லாவற்றிலும் குற்றவாளி அவர்தான். நாற்பத்தொன்றாவது சீட்டை மட்டும் அவர் அடிக்கவில்லை:

‘மதியம் ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தாலும் அவள் குறட்டை விடுவாள்.’

5

இதற்கு மேல் ‘அவள்’ வேண்டாம்.

ஆமாம், நான் குறட்டை விடுவேன். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லித்தான் அவர் என்னை முதன்முதலில் அழவைத்தார். பக்கத்து வீட்டில் மாவு அரைக்கும் சத்தம் என்று நினைத்தாராம்.

அன்று மதியம் இந்த அறையில் குறட்டைச் சத்தம் இல்லை.

நான் தூங்கவில்லை. போன் அடித்தது கேட்டது. அவர் ‘அக்கா’ என்றது கேட்டது. ஆஸ்பத்திரி என்றது கேட்டது. எழுப்பட்டுமா என்றதும் கேட்டது. இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும், சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். முதல் தொடக்கத்தை ஏன் பாதியில் விட்டேன் என்று இப்போது புரிந்திருக்கும். அந்த வாக்கியத்தை முடித்தால் பொய்யாகிவிடும்.

நான்கடி தூரத்தில் இருந்தவருக்கு அது தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் அக்காவிடம் தூங்குகிறாள் என்றார். தெரிந்தேதான் சித்தப்பா முன்னால் தலையைத் தொங்கப்போட்டார். பதினோரு வருடமாக நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து நீங்கதான், நீங்கதான் என்று அவருக்குக் காட்டியபோதும், ஒருநாள்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அக்காவிடம் பேசாமல் போனதற்கு ஆயுசுக்கும் வருந்துவேன். ஆனால் அது ஒரு மதியம். இவருக்கு நான் செய்தது எத்தனை மதியம்?

6

முடிவுகள் சில யோசித்தேன்.

அவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கும்போது பதிப்பகத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்கிறார்: “நாலாவது பதிப்பு நாளைக்கு அச்சுக்குப் போகுதும்மா. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்…” எழுப்புவதா வேண்டாமா என்று நான் தவிக்கிறேன். (சினிமா. தவிரவும், அவர் பகலில் தூங்குகிற ஆளே இல்லை.)

அவர் காலில் விழுந்து அழுகிறேன். (எனக்கு முட்டிவலி. விழுந்தால் அவர்தான் தூக்கிவிட வேண்டும். அதிலும் அவருக்குத்தான் வேலை.)

சீட்டுக்கட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி (போதும். பதினோரு வருடம் எழுதியாகிவிட்டது அந்த முடிவை.)

7

இப்போது மணி இரண்டு இருக்கலாம், கடிகாரம்தான் நின்றுவிட்டதே. அவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். எந்த நேரமும் வருவார்.

ஒரு வெற்றுச் சீட்டு எடுத்தேன். மேலே அந்தச் சொல்லை எழுதினேன். அடியில்: ‘அன்று நான் தூங்கவில்லை. நீங்கள் எழுப்பியிருந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.’ இதிலும் சொல் வரவில்லை. பரவாயில்லை, திருத்திக்கொள்வார். மேசையில் அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் அடியில் வைத்தேன். நாற்பத்தொன்றாவது சீட்டை அதன் பக்கத்தில் வைத்தேன். அச்சுக்கு எது போக வேண்டும் என்பது அவர் பாடு.

பிறகு பதினோரு வருடத்தில் முதன்முறையாகப் பட்டப்பகலில் கட்டிலில் படுத்தேன். இதைப் படுத்துக்கொண்டேதான் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்கிறது. அவர் உள்ளே வருவார், கண்ணாடியைத் தேடுவார், படிப்பார், என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் நிஜமாகத் தூங்குகிறேனா, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறேனா என்று காது கொடுத்துக் கேட்பார். அதைத்தான் என்னால் எழுத முடியாது. குறட்டை விடுகிறவளுக்குத் தன் குறட்டை கேட்பதில்லை.

நீங்களும் நான்கடி தூரத்தில்தான் இருக்கிறீர்கள். எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி இருக்கிறது. ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கொஞ்சம்