கம்பெனி பேர் போட்ட சட்டை

அஸ்வினி எதையும் முகர்ந்து பார்க்காமல் நம்புகிறவள் அல்ல. பால் பாக்கெட்டை வெட்டினால் முகர்வாள். மீன்காரம்மா கூடையை இறக்கினால் செவுளைத் தூக்கி முகர்வாள். கூரியரில் வரும் பார்சலைக்கூட ஒருமுறை மூக்கருகே கொண்டுபோய்விட்டுத்தான் பிரிப்பாள். மரக்காணம் உப்பளத்தை ஒட்டி இருக்கும் அந்த உப்பு பாக்கெட் கம்பெனியில் அவள் ஆபீஸ் பொறுப்புக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் "அந்தப் பொண்ணாண்ட பாத்துப் பேசு, எக்ஸ்ரே எடுத்துடும்" என்று பேர் வாங்கிவிட்டாள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

சென்னையில் நாலைந்து கிளை வைத்திருக்கும் ஒரு கடையின் ஆட்கள் வெள்ளிக்கிழமை கம்பெனியைப் பார்க்க வருவதாக இருந்தது. முதலாளி பக்தவச்சலத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பாக்கெட் போடும் பெண்களில் இருந்து லாரி டிரைவர் வரை எல்லாரும் ஒரே மாதிரி டீ-சர்ட் போட்டு வரிசையாக நிற்க வேண்டும், நெஞ்சில் கம்பெனி பேர் இருக்க வேண்டும், உப்புக் கம்பெனி என்பதால் சட்டை வெள்ளையாக இருக்க வேண்டும் என்றார். திண்டிவனத்தில் அவர் மச்சான் டீ-சர்ட்டில் பேர் அடிக்கும் தொழில்தான் செய்கிறான். ஆனால் அந்த மச்சான் கொடுத்த மாதிரிச் சட்டையை ஒரு தண்ணி நனைத்ததுமே எழுத்து உரிந்து வந்துவிட்டது. அஸ்வினிதான் அலைந்து திரிந்து புதுச்சேரியில் பிரிண்டிங் கடை வைத்திருக்கும் அருண்ராஜ் என்பவனைப் பிடித்தாள்.

"சரிம்மா, உன் இஷ்டம். ஆனா ஏதாச்சும் சொதப்பிச்சுன்னா என்கிட்ட வந்து நிக்காத. மச்சான் பொண்ணு ஒண்ணு படிச்சிட்டு வூட்ல சும்மாத்தான் இருக்குது," என்றார் முதலாளி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு அஸ்வினிக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. வானூரில் அவள் அப்பாவுக்கு அடிபட்டு வீட்டோடு கிடக்கிறார். இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

அளவு கேட்கப் போனபோதே சந்தேகம் முளைத்தது. ஒல்லிக்குச்சியாக இருக்கும் பாஞ்சாலை முதற்கொண்டு எல்லாப் பெண்களும் இருப்பதிலேயே பெரிய சைஸாகக் கேட்டார்கள். புருஷனுக்குக் கொடுக்கத்தான் இந்தத் திட்டம் என்று அஸ்வினி முடிவு கட்டிக்கொண்டு முறைத்தாள்.

"இன்னாம்மா மொறைக்கிற? பொடவை மேலதானே போட்டுக்கணும். இத்துனூண்டா குடுத்தா எப்பிடி நுழையிறது?" என்றாள் பாஞ்சாலை.

அந்தச் சந்தேகம் அங்கேயே செத்தது. ஒன்று செத்தால் இன்னொன்று பிறப்பதுதான் அவளுக்கு வழக்கம்.

புதன்கிழமை அவள் வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு பெட்டி வந்தது. பிளாஸ்டிக் கயிறு கட்டிய பெரிய அட்டைப் பெட்டி. வாட்ச்மேன் முருகையன் அதை வாங்கி, கேட்டை ஒட்டி அவனும் பொண்டாட்டி பொன்னியும் குடியிருக்கும் அறையில் வைத்திருந்தான். மறுநாள் காலை அஸ்வினி ஆபீசில் பெட்டியைப் பிரித்தாள். துணி நல்ல கனம். எழுத்து அச்சு வார்த்த மாதிரி இருந்தது. மனசு குளிர்ந்துபோய் ஒரு சட்டையை உதறித் தூக்கிப் பிடித்தவள், கழுத்துப் பட்டையின் உள்பக்கத்தைப் பார்த்தாள். மஞ்சளாக ஒரு கறை. அடுத்ததை எடுத்தாள். அதிலும் அதே இடத்தில் கறை. பெட்டியையே மேஜையில் கவிழ்த்துப் பார்த்தாள். கறை இல்லாத சட்டை ஒன்றுகூட இல்லை.

போட்டுக் கழற்றிய சட்டைக்குத்தான் கழுத்தில் அப்படி மஞ்சள் ஏறும். யாரோ, எங்கேயோ இவற்றைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு வாரம் முன்னால் புதுச்சேரியில் ஏதோ ஊர்வலம் நடந்ததே, அத்தனை பேரும் வெள்ளை டீ-சர்ட் போட்டுக்கொண்டு நடந்தார்களே! அந்தச் சட்டைகளைத் துவைத்துத் தேய்த்து, மேலே நம் கம்பெனி பேரை அடித்துத் தள்ளிவிட்டிருக்கிறான். நினைக்க நினைக்க அவளுக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தி வந்தது. எதையும் முகரும் அஸ்வினி அன்றைக்கு மட்டும் முகரவில்லை. எவனுடைய வியர்வையோ என்று தீர்மானித்த பிறகு யார்தான் மூக்கைக் கொண்டுபோவார்கள்?

முருகையனைக் கூப்பிட்டு, "பெட்டிய நீங்க தொட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஐயோ, நான் தொடவே இல்ல மேடம்," என்றான் அவன். உண்மைதான், அவன் தொடவில்லை. பொன்னி விடியும் முன்பே உப்பளத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். அவளிடம் கேட்க வேண்டும் என்று அஸ்வினிக்குத் தோன்றவே இல்லை.

அருண்ராஜைப் போனில் பிடித்துக் கிழிகிழியென்று கிழித்தாள். போட்டோவும் அனுப்பினாள். 

"மேடம், துணி மில்லுலேருந்து நேரா வந்தது. எப்பிடின்னு எனக்கே புரியல," என்றான்.

"உங்களுக்குப் புரியலன்னா உங்க கடையில யாருக்காவது புரியும். யாரு மடிச்சி கட்னது?"

"சாலமன்னு ஒருத்தர். ஒம்போது வருஷமா எங்கூட இருக்காரு."

"ஒம்போது வருஷம் இருந்தா? நல்லா விசாரிங்க. நாளைக்குக் காலைல புது சட்டை வரணும். வரலன்னா உங்க பேர நாறடிச்சிடுவேன்."

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. திருடன்தான் இப்படி அடங்கிப் போவான் என்று அஸ்வினி நினைத்துக்கொண்டாள். மறுபேச்சுப் பேசியிருந்தால் திருடனுக்கு வாய் வேறயா என்று நினைத்திருப்பாள். அருண்ராஜ் எப்படியும் தப்பியிருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலை, சென்னைக்காரர்கள் வர இன்னும் நேரம் இருந்தபோது, அருண்ராஜ் பைக்கின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. புதுச் சட்டைகளை ஆபீஸ் மேஜையில் அடுக்கினான். அஸ்வினி ஒவ்வொரு கழுத்தாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில்கூடக் கறை இல்லை. பழைய பெட்டி மூலையில் கிடந்தது. அதன் பக்கம் போகவே அவனுக்குக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, தலை குனிந்தபடியே நின்றான்.

"யாருன்னு கண்டுபுடிச்சீங்களா?"

"சாலமண்ணனாத்தான் இருக்கணும் மேடம். போன வாரம் லீவு நாள்ல கோயில் திருவிழாவுக்கு பேனர் அடிக்கணும்னு கடை சாவி வாங்கினாரு. அப்போதான் ஏதோ பண்ணியிருக்காரு. நேத்தே கணக்கு முடிச்சி அனுப்பிட்டேன்."

அஸ்வினிக்கு ஒரு திருப்தி வந்தது. தன் மூக்கு தப்பாது என்ற திருப்தி. அந்த நேரம் பார்த்து பொன்னி வாசலில் வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை என்பதால் தலைக்குக் குளித்து, கையில் ஒரு சின்னக் கிண்ணம் வைத்திருந்தாள்.

"புது சட்டை இன்னொரு பெட்டி வந்துச்சாமே. குடும்மா, இதுக்கும் வெச்சிக் குடுத்துட்றேன்," என்றாள்.

"எத வைக்கப் போற?"

"மஞ்சதான். அன்னிக்கி ராத்திரி கயித்த அவுத்து, ஒக்காந்து எல்லாத்துக்கும் வெச்சேனே. புதுத்துணிய மஞ்ச வைக்காம எப்பிடிக் கட்டறது? அதுவும் வெள்ளையா வேற இருக்குது, நமக்கு நல்லதா நடக்க வேணாமா? பொடவன்னா முந்தானை மொனையில வெப்பேன். இதுக்கு மொனையே இல்ல. வெளியில வெச்சா உங்க எழுத்து கெட்டுப்போவும்னு, யாருக்கும் தெரியாம கழுத்துக்கு உள்ளாற வெச்சேன்."

கிண்ணத்தில் குழைத்த மஞ்சள் இருந்தது. அஸ்வினி மூலைக்குப் போய்ப் பழைய சட்டை ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தாள். மஞ்சள் வாசனை. இந்த வேலைக்கு இன்டர்வியூவுக்கு வந்தபோது போட்டிருந்த சுடிதாரில் அம்மா துப்பட்டா ஓரத்தில் வைத்துவிட்டாளே, அதே வாசனை.  அருண்ராஜ் அவளைப் பார்க்கவில்லை, சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க வூட்லயும் வெப்பாங்க மேடம். எனக்கே தோணல," என்றான். பிறகு போனை எடுத்து சாலமனுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அவரு வூடு எங்க?"

"அனுமந்தையில."

"வண்டிய எடுங்க."

பொன்னியின் பின்னால் வந்து நின்ற முருகையன் பதறிப்போனான். "மேடம், அவங்க வர்ற நேரம். மொதலாளி கேட்டா இன்னா சொல்றது?"

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன், அத சரி பண்ணப் போயிருக்கேன்னு சொல்லுங்க. சட்டைய எல்லாருக்கும் குடுத்துடுங்க. மஞ்ச வெச்சதையே குடுங்க."

வழி நெடுக வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூச வைத்தன. அவள் மடியில் அந்தப் பழைய சட்டை இருந்தது.  பாதி வழியில் முதலாளியின் போன் வந்தது. அவள் எடுத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் போனை வைத்துவிட்டார். வேலை போனால் போகட்டும் என்று சொல்லும் தைரியம் அவளுக்கு இல்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் வண்டியைத் திருப்பச் சொல்லவும் வாய் வரவில்லை.

சாலமன் ஐம்பது வயசு ஆள். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். வேலை நாளில் சும்மா உட்காரத் தெரியாத மனுஷன் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. அஸ்வினி நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தப்பு என்னோடதுங்க. நான்தான் அவர முடுக்கினேன்."

அவர் சட்டையை வாங்கி, கழுத்தைத் திருப்பி, மூக்கருகே கொண்டுபோனார்.

"மஞ்சதான்," என்றார்.

"அண்ணே, வாங்கண்ணே, கடைக்குப் போலாம்," என்றான் அருண்ராஜ். 

சாலமன் சட்டையை முழங்காலில் பரப்பி, கைகளை உள்ளே தள்ளி, கம்பெனி பேர் மேலே தெரியும்படி சுருக்கம் இல்லாமல் மடித்தார். மடித்து முடிக்கும் வரை நிமிரவில்லை.

"இவங்களுக்கு என்னைத் தெரியாது. சந்தேகப்பட்டாங்க, போவட்டும். உனக்குத் தெரியுமே, தம்பி."

மடித்த சட்டையை எழுந்து வந்து அஸ்வினியிடம் கொடுத்தார். அருண்ராஜும் கை நீட்டியிருந்தான்.