இரைச்சல் அடங்கும் திசை

கிட்டார் பழுது பார்க்கும் அந்த மனிதருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் ஈயம். பகலெல்லாம் ஈயம் உருக்கும் புகையிலேயே உட்கார்ந்திருப்பதால் வந்த பெயர். உரிமையாளரைக் கேட்காமல் யாருடைய கிட்டாரிலும் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டார். அப்பேர்ப்பட்டவர், மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்த பத்து நாளில், அவளுடைய கிட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டார். கட்டின மனைவிதானே என்கிற தைரியம்.

அது பழைய மாதிரியில் செய்த எலெக்ட்ரிக் கிட்டார். கம்பிகளுக்கு அடியில் மூன்று பிக்கப். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் காந்தச் சுருள்கள். பழைய அமைப்பில் சுவிட்சுக்கு மூன்றே நிலை, ஒரு நேரத்தில் ஒரு சுருள்தான் பேசும். அவளுக்கோ இரண்டு சுருள்கள் சேர்ந்து பேசும் ஒலிதான் உயிர். தண்ணீருக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்பாள். அதற்காக சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, நழுவாமல் ஒரு தீக்குச்சித் துண்டைச் செருகியிருந்தாள். பதினோரு வருஷமாக அதே குச்சி. ஊரிலிருக்கும் கிட்டாருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர் வீட்டில் தீக்குச்சி வைத்தியமா என்று அவருக்கு மானம் போனது.

ஐந்து நிலை சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினார். அத்தோடு கை நிற்கவில்லை. பழைய சுருள்கள் கம்பியின் ஒலியோடு வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். நடுச்சுருளை எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கமாகச் சுற்றிய புதுச்சுருளை வைத்தார். இரண்டும் சேர்ந்து பேசும்போது ஒன்றின் இரைச்சலை மற்றொன்று விழுங்கிவிடும்.

அவர்கள் வீட்டுக் கூடத்தின் ஒரு கோடியில் அவருடைய வேலை மேஜை, மறு கோடியில் ஜன்னல், நடுவில் அவளுடைய ஸ்டூல். மாலையில் அவள் மேஜையைப் பார்த்து உட்கார்ந்துதான் வாசிப்பாள். அவர் தலை நிமிரும்போதெல்லாம் அந்தப் பாதி மூடிய கண்கள் அவர் மேல் இருக்கும். விளக்கு போடவும் தோன்றாமல் அந்த மங்கிய வெளிச்சத்திலேயே இருவரும் கிடப்பார்கள். தன்னைப் பார்த்துத்தான் வாசிக்கிறாள் என்பது அவருடைய பரம ரகசியமான பெருமை. வெளியே சொன்னதில்லை.

திரும்பி வந்தவள் கிட்டாரை எடுத்து இரண்டு முறை மீட்டினாள்.

"இரைச்சல் எங்க?"

"எடுத்துட்டேன். இப்ப சுத்தமா இருக்குல்ல?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "இனிமே நிம்மதியா என்னைப் பாத்து வாசி" என்றார் சிரித்துக்கொண்டே.

"உங்களைப் பாத்தா?" அவள் சிரிக்கவில்லை. "மேஜைப் பக்கம் திரும்பினாத்தான் அந்த இரைச்சல் அடங்கும். அதுக்காகத் திரும்பினேன்."

சொல்லிவிட்டு ஸ்டூலை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான்கு மாலைகள் அவர் அவளுடைய முதுகைப் பார்த்தார். வாசிப்பு என்னவோ முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கூடுதலாக வலித்தது. அப்படியானால் பதினோரு வருஷமாக அவள் பார்த்தது தன்னையல்ல, வெறும் திசையை.

ஐந்தாம் நாள் மதியம், அவள் வேலை பார்க்கும் நூலகத்துக்குப் போயிருந்தபோது, இழுப்பறையைத் திறந்தார். பழைய சுருளும் சுவிட்சும் தீக்குச்சியும் அங்கேதான் இருந்தன. புதுசு சரிப்படவில்லை என்று ஒரு பொய் சொன்னால் போதும், அவள் முகம் மேஜைப் பக்கம் திரும்பிவிடும். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் மாட்டினார்.

ஸ்டூலில் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயரின் ஒலியைக் கூட்டினார். கொர்ரென்றது. மேஜைப் பக்கம் திரும்பினார். இரைச்சல் படிப்படியாக இறங்கி அடங்கியது. அவள் சொன்னது நிஜம். எழுந்திருக்கவும் மனமில்லாமல், தூக்கத்தில் நகர்கிறவரைப் போல, ஸ்டூலோடு மெதுவாகச் சுற்றினார். சமையலறைக் கதவுக்கு நேரே இரைச்சல் காதைப் பிளந்தது. பிறகு இறங்கியது, இன்னும் இறங்கியது. ஜன்னலுக்கு நேரே வந்தபோது மறுபடி அதே அமைதி.

சுருளுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. ஒரு திசையில் அடங்கினால் அதற்கு நேரெதிரிலும் அடங்கும். வாடிக்கையாளர்களுக்கு நூறு தடவை அவரே ஒப்பித்த பாடம். ஜன்னலுக்கு வெளியே மரங்கள், யாரோ மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணிகள், நகராத மேகம். இத்தனை அழகையும் முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு ஒருத்தி பதினோரு வருஷம் உட்கார்ந்திருக்கிறாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பழசை மாட்டிட்டீங்களா?" வாசலில் கைப்பையோடு நின்றிருந்தாள்.

பொய் வரவில்லை. "ம். இந்தப் பக்கமும் அடங்குது."

"தெரியும். வாங்கின வாரமே தெரியும்."

"அப்புறம் ஏன் அன்னிக்கு அப்படிச் சொன்னே?"

"கேக்காம கை வச்சீங்க. எனக்கும் கோவம் வரும்." கைப்பையை வைத்துவிட்டு, கிட்டாருக்காகக் கையை நீட்டினாள். "எழுந்திரிங்க. உங்க இடத்துல போய் உக்காருங்க."

மேஜையில் ஒரு வேலையும் இல்லை. சும்மா ஒரு திருப்புளியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். எதிரே ஸ்டூல் கிறீச்சிட்டுத் திரும்பும் சத்தம் கேட்டது. இரைச்சல் ஏறியது, மெல்ல இறங்கியது, அடங்கியது. எந்தப் பக்கம் என்று பார்க்க அவர் நிமிர்ந்தார். பாதி மூடிய கண்கள் அவருக்காகக் காத்திருந்தன.