பூஜ்யம் போட்ட ஐந்து வாரம்

1

இந்தக் கதை ஒரு சால்வையில் தொடங்கியது. கல்லூரி வாட்ஸப் குழுவில் என் வகுப்புத் தோழி ஒருத்தி சால்வையோடு நிற்கும் படம் வந்தது. எல்லோரையும் போல நானும் கைதட்டும் பொம்மை அனுப்பினேன். அனுப்பியதும் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் செம்பியன் என்று ஒருவனை உண்டாக்கினேன்.

முதல் வரியாக எழுதியது: 'தேவனாம்பட்டினத்துக் கிணறுகளின் மேல் காலைச் சூரியன்...'

வேண்டாம். கிணற்றுக்குள் கரண்டி விடுகிறவன் சூரியனைப் பார்க்க மாட்டான். கொசுப்புழுவைத்தான் பார்ப்பான்.

2

செம்பியனும் சிவப்ரியாவும் சிதம்பரத்தில் ஒன்றாக விலங்கியல் படித்தவர்கள். அவன் கடலூரில் மலேரியா ஒழிப்பு வேலைக்குப் போனான். இருபத்தைந்து வருடமாகக் கிணறு கிணறாக நீளக் கரண்டியை விட்டு, தண்ணீர் மொண்டு, கொசுப்புழுவை எண்ணிப் படிவத்தில் எழுதுகிறான். அவள் அந்த எண்களைக் கணினியில் போட்டு, அடுத்து எந்தத் தெருவில் காய்ச்சல் வரும் என்று சொல்லும் விஞ்ஞானி ஆனாள்.

(அவளைக் கர்வம் பிடித்தவளாக எழுதிப் பார்த்தேன். எனக்கு வசதியாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். அவள் நல்லவள். பொறாமைப்படுகிறவனுக்கு அதைவிடக் கஷ்டம் கிடையாது.)

3

திங்கட்கிழமை அவள் போன் செய்தாள்.

"டேய் செம்பியா, வெள்ளிக்கெழம சிதம்பரத்துல எனக்கு விருது குடுக்கறாங்க. நீயும் மேடையில ஒக்காரணும்."

"நான் எதுக்கு? கரண்டி புடிக்கவா?"

"ஒன் நம்பர் இல்லன்னா நான் ஏதுடா? தேவனாம்பட்டினத்துல அஞ்சு வாரம் நாப்பது கெணத்துலயும் புழுவே இல்லன்னு எழுதுனியே, ஞாபகம் இருக்கா? தண்ணில உப்பு ஏறுனதாலன்னு அத வச்சுத்தான் சொன்னேன். விருதே அதுக்குத்தான். இனிமே அந்த நாப்பதயும் பாக்க வேணாம்னு அன்னைக்கே அறிவிக்கப் போறாங்க. ஒனக்கும் வேல கொறையும்."

அந்த ஐந்து வாரமும் செம்பியனின் மனைவி ரேகா ஆஸ்பத்திரியில் இருந்தாள்.* அவன் ஒரு கிணற்றையும் எட்டிப் பார்க்கவில்லை. கட்டத்தை வெற்றாக விட்டால் மேலே இருப்பவர்கள் விளக்கம் கேட்பார்கள். பூஜ்யம் போட்டால் கேட்க மாட்டார்கள். இருநூறு பூஜ்யம் போட்டான்.

(*ஆஸ்பத்திரி என்று எழுதினால் நீங்கள் அவனை மன்னிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதினேன்.)

4

'போனை வைத்ததும் பயத்தில் அவன் கை...'

பொய். அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒரே வாக்கியம் போதும், சால்வை இறங்கிவிடும்.

மறுநாள் தேவனாம்பட்டினம் போனான். முதல் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது. ஆனாலும் கரண்டியில் பதினோரு புழு நெளிந்தது.

வீட்டில் ரேகா கேட்டாள். "ஏங்க, போன வருஷம் அந்தம்மா சால்வையோட எடுத்த போட்டோவ எத்தன வாட்டி பாப்பீங்க? சால்வையில எத்தன நூலுன்னு எண்றீங்களா?"

"அந்த அஞ்சு வாரம் நான் கெணறு பாக்கலன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"சொல்லுங்க. வேல போனாலும் போவட்டும். அங்க இருக்கற புள்ளைங்களுக்குக் காய்ச்சல் வந்தா யார் பதில் சொல்றது?" அவன் கையிலிருந்த போனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஆனா, அவுங்களுக்கு விருது குடுக்கலன்னா சொல்லியிருப்பீங்களா?" என்றாள்.

5

முடிவுக்கு வருகிறேன்.

மேடையில் மைக்கைப் பிடித்து அவன் உண்மையைச் சொல்வதாக எழுதினேன். சிவப்ரியாவின் முகம் மாறுவதை மட்டும் மூன்று தடவை திருத்தினேன். மூன்று தடவையும் எனக்கு இனித்தது. அதனால் கிழித்துவிட்டேன்.

அவன் வாயை மூடிக்கொண்டு, மேடையில் தனக்கும் போடுகிற சால்வையை வாங்கிக்கொள்ளலாம். மழை வந்ததும் அந்தத் தெருக்களில் குளிர்காய்ச்சல்... இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.

விழாவுக்கு முன்பே அவளுக்குப் போன் செய்யலாம். அதுதான் நியாயம் என்று உங்களைப் போல எனக்கும் தெரியும். ஆனால் அவள் திட்ட மாட்டாள். "நல்லவேள சொன்னடா" என்பாள். விருதைத் திருப்பிக் கொடுப்பாள். அதற்கும் ஊர் அவளைத்தான் பாராட்டும். செம்பியனால் தாங்க முடியாதது அதுதான்.

இப்போது வியாழக்கிழமை காலை. கிணற்றடியில் நிற்கிறான். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். திரையில் அவள் பெயர்.

கீழே ஒரு கட்டம் விட்டிருக்கிறேன். அவன் செய்ததை நீங்கள் எழுதுங்கள். தெரியாவிட்டால் வெற்றாகவே விடுங்கள். பூஜ்யம் மட்டும் போடாதீர்கள்.

[                    ]