உள்ளிருந்து வந்த ஊசி

அன்று காற்று எத்திசையிலிருந்து வீசியது என்பதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்ற ஐயம் எனக்குண்டு. கேட்டவற்றையும் கனவில் கண்டவற்றையும் காலம் ஒன்றாகக் கலந்துவிட்டது. ஆயினும் ஆற்றின்மேல் முகில்கள் கரிய ஆநிரைபோல் நெருங்கி நின்றதும், பிற்பகலே மாலையென மங்கியதும், பறவைகள் ஒலியடங்கிக் கிடந்ததும், கரையோரக் கூரைவீடு ஒன்று முகடு திறந்து வானை நோக்கியிருந்ததும் ஐயமற்றவை.

அவ்வீட்டுக்காரன் கூரை வேய்பவன், இடக்கையன். "முகட்ட நான் வந்து மாத்திக்கிறேன். வேற யாரும் கை வைக்கக் கூடாது" என்று மனைவியிடம் சொல்லி, வைக்கோல் வாங்க ஆற்றைக் கடந்து போனவன், ஒரு மழைக்காலம் கழிந்தும் திரும்பவில்லை. அம்முகட்டைப் பிறர் பிரிக்க விட்டால், அவன் இனி வரமாட்டான் என்று தானே ஒப்புக்கொண்டதாகும் என அஞ்சிய அவள், ஒழுகும் நீரைக் கலங்களில் ஏந்தியே காலம் தள்ளினாள். காய்ச்சலில் கிடந்த மகளின் பாயிலும் நீர் சொட்டத் தொடங்கிய பின்னரே கொழுந்தனை அழைத்தாள்.

அவன் குதிரையேறியவன்போல் முகட்டில் அமர்ந்து, கயிறு கோத்த நீண்ட மூங்கிலூசியைப் புது வைக்கோலினூடே உள்ளே செலுத்துவான். அவள் பரண்மீது நின்று அதை வாங்கி, கயிற்றை முகட்டைத் தாங்கும் மரமான வளையில் முடிந்து, ஊசியை மேலே திருப்பி அனுப்புவாள்.

"தம்பி, பாத்துக் குத்து! என் கண்ணு போயிருக்கும்."

"முடிச்சுப் போடச் சொன்னா பூ கட்டுறீங்களே அண்ணி! மழை தலைக்கு மேல நிக்குது."

சற்று நேரத்தில் உள்ளே பேச்சடங்கியது. ஆனால் ஊசி முன்னிலும் விரைந்து திரும்பியது. கயிறு, வலிய கைகள் இழுத்தாற்போல் இறுகியது.

"இப்பத்தான் கை பழகியிருக்கு, அண்ணி!" என்றான். ஊசி மட்டும் மேலே வந்தது. வானிலிருந்து ஒரு துளியும் விழாதிருக்க, திரும்பி வந்த கயிறு நனைந்திருந்தது. ஆற்றடிச் சேற்றின் மணம் அதில் எழுந்தது. மழை முந்திக்கொள்ளுமென அஞ்சி அவன் கையை நிறுத்தாமல் தைத்தான்.

கடைசித் தையலை முடித்து இறங்கியவன், மகளைத் தோளிலிட்டுத் தெருவில் வந்துகொண்டிருந்த அண்ணியைக் கண்டு ஏணியிலேயே நின்றுவிட்டான்.

"பாப்பாவுக்கு மூச்சு இழுத்துச்சு, தம்பி. கத்திச் சொன்னேன், காத்துல உனக்குக் கேக்கல. இவ்வளவு நேரமும் மருத்துவச்சி வீட்லதான் இருந்தோம். நீ தனியா எப்படி முடிச்ச?"

அவன் ஏணியிலிருந்து இறங்கினான். இருவரும் உள்ளே சென்றனர். பரண் வெறுமையாயிருந்தது, அதன் பலகையில் ஈரம் படர்ந்திருந்தது. வளையில் முதலில் அவளிட்ட தளர்ந்த முடிச்சுகள். அவற்றையடுத்து, இடக்கையால் மட்டுமே இடத்தக்க, புரி மாறி இறுகிய முடிச்சுகள், முகட்டின் கடைக்கோடி வரை. அவற்றுள் ஒன்றைத் தொட்டவள் நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

"சொன்ன மாதிரியே வந்துட்டாரு" என்றாள் மெல்ல.

அப்போது மழை கொட்டியது. உள்ளே எங்கும் ஒழுகவில்லை.

மகள் பிழைத்து வளர்ந்து, மணமாகிச் சென்றாள். கொழுந்தன் ஊரார் வீடுகளையெல்லாம் வேய்ந்தான். அந்த முகட்டில் மட்டும் மீண்டும் ஏறவில்லை. வைக்கோல் வாங்கப் போனவனின் உடல் கிடைக்கவேயில்லை. அவள் அவ்வீட்டிலேயே முதுமையெய்தி இறந்தாள். கூரை வேய்ந்த அந்நாள்முதல் ஒருநாளும் ஆற்றை நோக்கி வழிபார்த்து நிற்கவில்லை.